வரைபடத்தில் சிவப்புப் புள்ளி: அமெரிக்காவின் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டைப் படிப்பது எப்படி?

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள எடிசனில் வீடு வாங்கும் ஒப்பந்தம் கைக்கு வந்தபோது, அத்தனை பக்கங்களில் நான் உருப்படியாகப் படித்தது விலையையும் முன்பணத்தையும் மட்டும்தான். நியூ ஜெர்சியில் கையெழுத்துப் போட்ட பிறகும் வக்கீல் ஒப்பந்தத்தைப் பார்க்க மூன்று வேலைநாள் அவகாசம் உண்டு. எங்கள் வக்கீல் அம்மா அந்த அவகாசத்தில் போன் செய்து, "மேகன் சட்டம் என்று ஒரு பத்தி இருக்கிறதே, பார்த்தீர்களா?" என்று கேட்டார். பார்க்கவில்லை.

அந்தப் பத்தியின் சாரம் இது. தண்டனை பெற்ற பாலியல் குற்றவாளி யாராவது இந்தப் பகுதியில் இருந்தால் அதை அக்கம்பக்கத்துக்கு அறிவிப்பதா, எப்படி அறிவிப்பது என்பதெல்லாம் கவுண்டி (மாவட்டம் மாதிரி) அரசு வழக்கறிஞரின் பொறுப்பு. வீட்டுத் தரகருக்கு அந்தத் தகவல் வராது, அவரால் வாங்கித் தரவும் முடியாது. தெரிய வேண்டுமானால் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். கரையான் இருக்கிறதா என்று பார்க்க ஆள் வருவார், கூரை ஒழுகுகிறதா என்று பார்க்க ஆள் வருவார்; பக்கத்து வீட்டில் யார் என்பதை மட்டும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அன்றிரவு மகள் தூங்கிய பிறகு மடிக்கணினியில் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டைத் திறந்தோம். வரைபடத்தில் புள்ளிகள். ஒவ்வொன்றையும் தட்டினால் ஒரு முகம், வயது, முகவரி, குற்றத்தின் பெயர். "இந்த ஏரியாவே வேண்டாம்" என்றாள் என் மனைவி. சரி என்று அடுத்த ஊரைத் தட்டினோம். அங்கேயும் புள்ளிகள். அதற்கடுத்த ஊரிலும். நள்ளிரவு தாண்டியும் ஊர் ஊராகத் தேடி முடித்தபோது பயம் ஏறியிருந்ததே தவிர ஒன்றும் புரியவில்லை. இந்தப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால் அதைப் படிக்கத் தெரிய வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

அடிப்படையிலிருந்து தொடங்கலாம். பாலியல் குற்றத்துக்காக நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர், சிறையிலிருந்து வெளியே வந்ததும் உள்ளூர்ப் போலீஸில் தன் முகவரி, வேலை செய்யும் இடம், படிக்கும் இடம், புகைப்படம் எல்லாவற்றையும் பதிய வேண்டும். வீடு மாறினால், வேலை மாறினால் மூன்று வேலைநாளுக்குள் நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்கிறது மத்தியச் சட்டம். சொல்லாமல் விட்டால் அதுவே தனிக் குற்றம். இப்படிச் சேரும் பட்டியல்தான் பதிவேடு. அமெரிக்கா முழுக்க ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதில் இருக்கிறார்கள்.

பதிவேடு புதிய யோசனை இல்லை. கலிஃபோர்னியா 1947-லேயே மாநிலம் முழுமைக்கும் ஒன்றைத் தொடங்கிவிட்டது. ஆனால் அது போலீஸ் பார்ப்பதற்கான பட்டியல். பொதுமக்கள் பார்க்கும் பட்டியலாக அது மாறியதற்குக் காரணம் மூன்று ஊர்களில் நடந்த மூன்று சம்பவங்கள். அவற்றைத் தெரிந்துகொண்டால் பதிவேட்டின் பலம் எது, ஓட்டை எது என்பது தானாகப் புரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது, மினசோட்டாவின் செயின்ட் ஜோசப் என்ற சிறிய ஊர். 1989 அக்டோபர் 22, இரவு. கடைக்குப் போய்விட்டு சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்த மூன்று சிறுவர்களை முகமூடி போட்ட ஒருவன் துப்பாக்கியைக் காட்டி நிறுத்தினான். இரண்டு பேரை ஓடச் சொல்லிவிட்டு, ஜேக்கப் வெட்டர்லிங் என்ற 11 வயதுப் பையனைக் கூட்டிப் போனான். ஜேக்கப்பின் அம்மா பேட்டி வெட்டர்லிங் விடாமல் போராடியதன் விளைவாக, ஒவ்வொரு மாநிலமும் பதிவேடு வைத்தாக வேண்டும் என்ற மத்தியச் சட்டம் 1994-இல் ஜேக்கப்பின் பெயரிலேயே வந்தது.

இரண்டாவது, எங்கள் நியூ ஜெர்சியின் ஹாமில்டன் டவுன்ஷிப். 1994 ஜூலை 29. மேகன் கங்கா, 7 வயது. எதிர்வீட்டுக்காரர் நாய்க்குட்டியைக் காட்டுகிறேன் என்று கூப்பிட்டுப் போய்க் கொன்றார். அவர் அதற்கு முன்பே இரண்டு முறை சிறுமிகளிடம் குற்றம் செய்து தண்டனை பெற்றவர். போலீஸ் ஆவணங்களில் அது இருந்தது, எதிர்வீட்டில் குழந்தை வளர்த்த பெற்றோருக்குத்தான் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வாசலை மிதிக்க விட்டிருக்கமாட்டோம் என்று அவர்கள் சொன்னதற்கு யாரிடமும் பதில் இல்லை. மூன்றே மாதத்தில் நியூ ஜெர்சி சட்டம் போட்டது. 1996 மே மாதம் மத்திய அரசும் அதைச் சட்டமாக்கியது. ஒப்பந்தப் பத்தியில் வரும் மேகன் இந்தக் குழந்தைதான்.

மூன்றாவது சம்பவம் 2003 நவம்பரில், வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரில். டுரு ஷோடின் என்ற கல்லூரி மாணவி ஒரு ஷாப்பிங் மால் வாகன நிறுத்தத்திலிருந்து கடத்திக் கொல்லப்பட்டார். கொன்றவர் பக்கத்து மாநிலமான மினசோட்டாவின் பட்டியலில் ஆபத்து மிகுந்தவர் என்று குறிக்கப்பட்டிருந்தவர். மாநில எல்லையைத் தாண்ட அவருக்கு ஆற்றுப் பாலம் ஒன்று போதும், ஆனால் பட்டியல் எல்லையிலேயே நின்றுவிட்டது. 2005-இல் எல்லா மாநிலப் பட்டியல்களையும் ஒரே இடத்தில் தேடும் தேசிய இணையதளம் வந்தது. 2006-இல் ஆடம் வால்ஷ் சட்டம் என்ற மத்தியச் சட்டம் அதற்கு டுருவின் பெயரைச் சூட்டியது.

இப்போது ஜேக்கப்புக்குத் திரும்புவோம். அவனைக் கொன்றவர் 2016-இல்தான் ஒப்புக்கொண்டு புதைத்த இடத்தைக் காட்டினார். 27 வருடம். சம்பவம் நடந்த காலத்திலேயே போலீஸ் அவரை விசாரித்திருந்தது. ஆனால் அப்போது அவர் மீது பாலியல் குற்றத் தீர்ப்பு எதுவும் இருக்கவில்லை. அதாவது, எந்தக் குழந்தையின் பெயரால் நாடு முழுக்கப் பதிவேடு வந்ததோ, அந்தக் குழந்தையை அந்தப் பதிவேடு காப்பாற்றியிருக்காது. மேகன் விஷயத்தில் உதவியிருக்கலாம். இந்த இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் அந்தப் புள்ளிகளைப் பார்க்க வேண்டும்.

தேடுவது எப்படி

தேசியத் தளத்தின் முகவரி என்எஸ்ஓபிடபிள்யூ டாட் கவ். அமெரிக்க நீதித் துறை நடத்துவது. பணம் இல்லை, கணக்குத் தொடங்க வேண்டியதும் இல்லை. இதே தகவலைக் காசுக்கு விற்கும் தனியார் தளங்கள் கூகுளில் முதலில் வந்து நிற்கும். அவற்றின் பக்கமே போகாதீர்கள், பழைய தகவலை நீக்காமல் வைத்திருப்பது அங்கே சகஜம். நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டு உள்ளே போனால் இரண்டு வழி: பெயரால் தேடலாம், அல்லது ஒரு முகவரியைக் கொடுத்து அதைச் சுற்றி ஒன்று முதல் மூன்று மைல் வரை தேடலாம். நீங்கள் குடியிருக்கும் முகவரியோடு நிறுத்தாமல் பள்ளி, பாட்டு கிளாஸ், நீச்சல் குளம், மாலையில் பிள்ளை போகும் நண்பன் வீடு ஆகியவற்றையும் போட்டுப் பாருங்கள். பட்டியலில் வீட்டு முகவரி மட்டுமின்றி வேலை செய்யும் முகவரியும் வரலாம் என்பதால், வந்திருப்பது எது என்று கவனிக்க வேண்டும். நாங்கள் முதல் நாள் அலறிய ஒரு புள்ளி, நெடுஞ்சாலை ஓரத்து கார் மெக்கானிக் கடை.

தேசியத் தளம் ஒரு வாசல்தான். பெயரைத் தட்டினால் அந்தந்த மாநிலத்தின் பக்கத்துக்குக் கொண்டுபோய் விடும். விவரம் அங்கேதான் இருக்கிறது: எந்தச் சட்டப் பிரிவு, எந்த வருடத் தீர்ப்பு, சில மாநிலங்களில் பாதிக்கப்பட்டவர் குழந்தையா பெரியவரா என்பது வரை. அந்தப் பக்கத்தைப் படிக்காமல் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடினால் தேடியதில் பிரயோஜனம் இல்லை.

பெயர்த் தேடலில் நம் ஆட்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஒரே ஆளின் பெயர் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, ஓட்டுநர் உரிமத்தில் ஒரு மாதிரி, நாம் கூப்பிடுவது இன்னொரு மாதிரி. அப்பா பெயர் கடைசிப் பெயராக ஏறியிருக்கும், இனிஷியல் நடுவில் மாட்டியிருக்கும். குமார் என்று தேடிவிட்டு ஒன்றும் வரவில்லை என்று நிம்மதி அடைவதும் தப்பு, வந்துவிட்டது என்று முடிவு கட்டுவதும் தப்பு. பெயரை முன்பின்னாக மாற்றிப் போட்டுப் பாருங்கள். வந்தால் படத்தையும் வயதையும் ஒப்பிடுங்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கிறோம், டியூஷனுக்கு அனுப்புகிறோம் என்றால், கேட்கச் சங்கடமாக இருந்தாலும் உரிமத்தில் உள்ள முழுப் பெயரை வாங்கிக்கொள்வது நல்லது.

பல மாநிலங்களில் மின்னஞ்சல் எச்சரிக்கை வசதி இருக்கிறது. உங்கள் முகவரியைப் பதிந்து வைத்தால், பதிவேட்டில் உள்ள ஒருவர் அருகே குடிவரும்போது மெயில் வரும். தினமும் வரைபடத்தைத் திறந்து பார்த்துப் பயப்படுவதைவிட இது எவ்வளவோ மேல்.

புள்ளி என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

எல்லாப் புள்ளியும் ஒரே எடை இல்லை. மத்தியச் சட்டம் குற்றத்தின் தன்மையைப் பார்த்து மூன்று படி வைத்திருக்கிறது: முதல் படிக்கு 15 வருடப் பதிவு, இரண்டாவதற்கு 25, மூன்றாவதற்கு ஆயுள் முழுக்க. நியூ ஜெர்சியிலும் மூன்று படிதான், ஆனால் அர்த்தமே வேறு. இங்கே அது மறுபடி குற்றம் செய்யக்கூடிய அபாயத்தை அரசு வழக்கறிஞர் அலுவலகம் மதிப்பிட்டுத் தருவது. சம்பந்தப்பட்டவர் அதை நீதிபதி முன் எதிர்த்து வாதாடலாம். முதல் படி என்றால் போலீஸுக்கு மட்டும் தெரியும். இரண்டாவது படிக்குப் பள்ளிகளுக்கும் குழந்தைகள் சார்ந்த அமைப்புகளுக்கும் அறிவிப்பு போகும். மூன்றாவதற்குத்தான் போலீஸ் வீடு வீடாக வந்து சொல்வது. ஆக, முதல் படியில் இருப்பவர் நியூ ஜெர்சியின் பொது இணையப் பட்டியலில் வரவே மாட்டார். வரைபடத்தில் புள்ளி இல்லாத தெருவில் யாரும் இல்லை என்று அர்த்தமில்லை.

இன்னொரு விதிவிலக்கைக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டாம் படியில் உள்ளவர் செய்த ஒரே குற்றம் சொந்தக் குடும்பத்துக்குள் நடந்தது என்றால், பொதுவாக அவர் இணையத்தில் வெளியிடப்படுவதில்லை. அப்பாவின் படத்தைப் போட்டால் பாதிக்கப்பட்ட மகள் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும் அல்லவா? நியாயமான காரணம்தான். ஆனால் குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம் வரும் திசையில்தான் வரைபடம் காலியாக இருக்கிறது.

எண்ணிக்கையும் ஏமாற்றும். ஃப்ளோரிடாவின் பட்டியலில் மாநிலத்தை விட்டே போனவர்களின் பெயர்களும் கிடக்கின்றன. வீடற்றவர்களுக்கு முகவரி இல்லை, அவர்களுக்குப் புள்ளி குத்த இடமும் இல்லை. பள்ளிகளிலிருந்து 2,500 அடிக்குள் குடியிருக்கக்கூடாது என்ற உள்ளூர் விதியால் மயாமியில் இடமே கிடைக்காமல், கடல்மேல் போகும் ஜூலியா டட்டில் பாலத்துக்கு அடியில் கூடாரம் போட்டு வருடக்கணக்கில் ஒரு கூட்டம் வாழ்ந்தது. அவர்களில் சிலருக்கு அந்தப் பாலமே அதிகாரபூர்வ முகவரி.

பட்டியலில் இருப்பவர் கட்டாயம் மறுபடி செய்வார் என்று பரவலான ஒரு நம்பிக்கை இருக்கிறது. அமெரிக்க நீதித் துறையின் புள்ளியியல் பிரிவு 2019-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2005-இல் விடுதலையான பாலியல் குற்றவாளிகளை ஒன்பது வருடம் தொடர்ந்து பார்த்ததில், அதே வகைக் குற்றத்துக்காக மறுபடி கைதானவர்கள் 7.7%. வேறு குற்றங்களுக்காகச் சிறை சென்று வந்தவர்களில் பாலியல் குற்றத்துக்காகக் கைதானவர்கள் 2.3%. மூன்று மடங்குக்கு மேல் என்று சொன்னாலும் உண்மை, நூற்றில் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் அந்தக் குற்றத்துக்காக மறுபடி கைதாகவில்லை என்று சொன்னாலும் உண்மை. புகாராக வராதவை இந்தக் கணக்கில் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, பதிவேடு வந்ததால் குற்றம் குறைந்ததா? மேகனின் சொந்த மாநிலத்திலேயே 2008-இல் ஆய்வு செய்தார்கள், மத்திய நீதித் துறையின் பணத்தில். மறுபடி குற்றம் செய்வதைச் சட்டம் குறைத்ததாகக் காட்ட முடியவில்லை என்றே முடிவு வந்தது. பேட்டி வெட்டர்லிங்கே பின்னாளில் பொதுவெளியில் சொல்லத் தொடங்கினார், இந்தப் பட்டியலை வரைமுறையில்லாமல் விரித்துவிட்டோம், சிறுவர்களைக்கூட அதில் ஏற்றிவிட்டோம் என்று. மகனைப் பறிகொடுத்து, அந்தச் சட்டத்துக்காக அலைந்தவர் சொல்வது என்பதால் நான் அதைக் காது கொடுத்துக் கேட்கிறேன்.

அதற்காகப் பதிவேட்டைத் தூக்கிப்போட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அதற்கு உரிய நேரம் வீடு மாறும்போது ஒரு பத்து நிமிடம், புதிதாக ஒருவரிடம் பிள்ளையை விடுவதற்கு முன் ஒரு ஐந்து நிமிடம். நாங்கள் செலவழித்ததுபோல ஒரு ராத்திரி முழுக்க இல்லை.

பெயர் வந்துவிட்டால்?

முதலில், அந்த வீட்டுக் கதவைத் தட்டக்கூடாது. கடிதம், போன் எதுவும் கூடாது. பட்டியலை வைத்து ஒருவரை மிரட்டுவதோ தாக்குவதோ குற்றம் என்று உள்ளே நுழையும்போதே தளம் எச்சரிக்கும். 2006 ஏப்ரலில் கனடாவிலிருந்து வந்த ஒரு இளைஞர் மேய்ன் மாநிலத்தின் இணையப் பட்டியலைப் பார்த்து முகவரி எடுத்து, ஒரே நாளில் இரண்டு பேரைச் சுட்டுக் கொன்றார். அதில் ஒருவர் பட்டியலில் இருந்ததற்குக் காரணம், 19 வயதில் தன் காதலியோடு உறவு வைத்திருந்தது. அவளுக்கு 16 முடிய இரண்டு வாரம் பாக்கி இருந்தது. சுட்டவர் அந்தப் பக்கத்தின் சட்டப் பிரிவைப் படித்தாரா இல்லையா, யாருக்குத் தெரியும்.

இரண்டாவது, வாட்ஸ்அப். எங்கள் குடியிருப்புக் குழுவில் ஒரு நாள் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. படம், முகவரி, கூடவே "ஃபார்வர்டு செய்யவும், பிள்ளைகள் ஜாக்கிரதை". அரை மணி நேரத்தில் எண்பது பேர் பார்த்தாயிற்று. அந்த ஆள் அந்த முகவரியை விட்டுப் போய் மாதக்கணக்கில் ஆகியிருந்தது. அங்கே அப்போது குடியிருந்தது கைக்குழந்தையோடு ஒரு மராத்திக் குடும்பம். திருத்தம் போட்டதைப் படித்தவர்கள் பத்துப் பேர் இருக்கலாம். உண்மையாகவே கவலை இருந்தால், சுட்டியை மட்டும் அனுப்புங்கள். பார்க்கிறவர் அன்றைய தகவலைப் பார்த்துக்கொள்வார். பட்டியலில் உள்ளவர் குழந்தைகளைச் சுற்றி வருவதைக் கண்ணால் பார்த்தால் போலீஸுக்குச் சொல்லுங்கள்.

குழந்தைகளிடம் அந்தப் படங்களைக் காட்டலாமா என்று கேட்பார்கள். நான் காட்டவில்லை. காட்டினால் கெட்டவர் என்றால் இப்படி முடி கலைந்து, முறைத்துக்கொண்டு இருப்பார் என்றுதான் பிள்ளைக்குப் பதியும். அந்த வீட்டுப் பக்கம் போகாதே, யார் கூப்பிட்டாலும் எங்களிடம் சொல்லாமல் யார் வீட்டுக்குள்ளும் போகாதே என்றால் போதும்.

ஏனென்றால் கணக்கு வேறு கதை சொல்கிறது. போலீஸில் பதிவான வழக்குகளை வைத்து அதே புள்ளியியல் பிரிவு 2000-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 18 வயதுக்குட்பட்டோர் பாதிக்கப்பட்ட சம்பவங்களில் முன்பின் தெரியாதவர் செய்தது 7% தான். 34% குடும்பத்தினர். மீதி 59% ஏற்கெனவே தெரிந்தவர்கள். மாமா, சித்தப்பா, அப்பாவின் சிநேகிதர், பாட்டு வாத்தியார், பயிற்சியாளர், அண்ணனின் வகுப்புத் தோழன். இவர்கள் பெரும்பாலும் சிவப்புப் புள்ளியாக வருவதில்லை.

அங்கேதான் நம் வீட்டுப் பழக்கங்கள் இடிக்கின்றன. உடம்பின் சில பகுதிகளுக்கு நாம் பெயரே வைப்பதில்லை, "ஷேம் ஷேம்" என்று சொல்லி மூடிவிடுகிறோம். பெயரே தெரியாத இடத்தில் நடந்ததைக் குழந்தை எந்த வார்த்தையில் வந்து சொல்லும்? ஊருக்குப் போனால் "மாமாவுக்கு ஒரு முத்தம் குடு" என்று தள்ளிவிடுகிறோம். பிள்ளை பின்வாங்கினால் மரியாதை தெரியாத பிள்ளை என்கிறோம். வேண்டாம் என்றால் வேண்டாம், கும்பிட்டால் போதும் என்று என் அம்மாவிடம் சொல்ல எனக்கே இரண்டு வருடம் பிடித்தது. ரகசியம் என்ற சொல்லையும் பிரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது: பிறந்தநாள் கேக்கை ஒளித்துவைப்பது ரகசியம் இல்லை, நாளைக்கு எல்லாருக்கும் தெரிந்துவிடும், அம்மாவிடம் என்றைக்குமே சொல்லாதே என்று யார் சொன்னாலும் அன்றைக்கே அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

பெரியவர்களிடம் கவனிக்க வேண்டியவையும் உண்டு. காரணமில்லாமல் பரிசு கொடுப்பவர், பிள்ளையோடு தனியாக இருக்க வாய்ப்பு தேடுபவர், நமக்குத் தெரியாமல் போனில் மெசேஜ் அனுப்புபவர். வகுப்பு நடக்கும்போது கதவு திறந்திருக்குமா, பெற்றோர் சொல்லாமல் வரலாமா, ஒரு பிள்ளையோடு ஒரே ஒரு பெரியவர் தனியாக இருக்க அனுமதி உண்டா? இதையெல்லாம் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடலாம். நல்ல ஆசிரியருக்குக் கோபம் வராது.

அமெரிக்காவுக்கு வெளியே

சென்னையிலிருந்து தங்கை கேட்டாள், அங்கே இப்படித் தேட முடியுமா என்று. முடியாது. இந்திய உள்துறை அமைச்சகம் 2018 செப்டம்பரில் தேசியப் பாலியல் குற்றவாளிகள் தரவுத்தளம் ஒன்றைத் தொடங்கியது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பராமரிக்கிறது; தொடங்கும்போதே நான்கு லட்சத்துக்கு மேல் பதிவுகள். ஆனால் பார்க்கும் உரிமை போலீஸ் போன்ற விசாரணை அமைப்புகளுக்கு மட்டும். கனடாவிலும் 2004 முதல் இருக்கும் தேசியப் பதிவேடு போலீஸுக்கானதுதான். டொரொண்டோவில் இருக்கும் சொந்தக்காரர்கள் தேடிப் பார்த்தால் ஒன்றும் கிடைக்காது.

இங்கிலாந்து நடுவழியைப் பிடித்தது. 2000-இல் சாரா பெய்ன் என்ற 8 வயதுச் சிறுமி கொல்லப்பட்டபோது ஒரு பத்திரிகை குற்றவாளிகளின் பெயர்களையும் படங்களையும் வெளியிட்டு ஊரைக் கிளப்பிவிட்டது. அந்தச் சூட்டில் வேல்ஸில் ஒரு குழந்தை மருத்துவரின் வீட்டு முகப்பில் வசை எழுதினார்கள். ஆங்கிலத்தில் குழந்தை மருத்துவரைக் குறிக்கும் சொல்லும் அந்தக் குற்றவாளியைக் குறிக்கும் சொல்லும் ஒரே மாதிரி தொடங்கும், அவ்வளவுதான். பொதுப் பட்டியலுக்குப் பதிலாக அங்கே வந்தது சாரா சட்டம் என்று சொல்லப்படும் ஏற்பாடு. உங்கள் பிள்ளையோடு பழகும் குறிப்பிட்ட ஒருவரைப் பற்றிப் போலீஸிடம் கேட்கலாம். ஆபத்து இருப்பதாகத் தெரிந்தால், பிள்ளையைப் பாதுகாக்க வேண்டியவரிடம் மட்டும் சொல்வார்கள். அதை வெளியே சொல்லக்கூடாது. என்னைக் கேட்டால், தெரு முழுக்கப் புள்ளி காட்டும் வரைபடத்தைவிட, "இந்த ஆள் என் பிள்ளையோடு பழகுகிறார், சரியா?" என்ற இந்தக் கேள்விதான் பெற்றோரின் உண்மையான கேள்வி.

தங்கைக்கு நான் சொன்னது: பட்டியல் இல்லையே என்று உட்காராதே. குழந்தைக்கு ஏதாவது நடந்ததாகத் தெரிந்தால், குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு எந்த நேரமும் அழைக்கலாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் புகார் கொடுத்தே ஆக வேண்டும். குடும்ப மானம், கல்யாணம், ஊர்வாய் எதுவும் அதற்கு விலக்கில்லை. குழந்தையின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவதையும் அதே சட்டம் தடுக்கிறது. அமெரிக்காவில் அவசரம் என்றால் 911.

வீட்டை வாங்கிவிட்டோம். மூன்று மைல் சுற்றளவில் சில புள்ளிகள் இருக்கின்றன. அவரவர் பக்கத்தை ஒருமுறை முழுதாகப் படித்தாகிவிட்டது. போன மாதம் மகளின் நீச்சல் பயிற்சிக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே போய் நின்றேன். பயிற்சியாளர் ஆச்சரியமாகப் பார்த்தார். "சும்மாதான்" என்று சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.